கொய்யாச் சாறு கண்ணாடியான ராத்திரி

டொக். முதல் சொட்டு. அப்புறம் இன்னொரு டொக். மூன்றாவது சொட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சொட்டாக வரவில்லை, நூலாக வந்தது, நூல் கயிறாகி, கயிறு தாரையாகி, எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் சர்ர்ரென்று விழ ஆரம்பித்துவிட்டது. எங்கிருந்து என்கிறீர்கள்? கொய்யாப்பழத்திலிருந்து! வேட்டித் துணியில் கட்டி அடுக்களை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட ஒரு கிலோ கொய்யாக் கூழிலிருந்து! ராத்திரி 11.15 மணி, வீடே தூங்குகிறது, 47 வயது மனுஷன் ஒருவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பாத்திரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிறான். அது நான்தான். வெட்கமெல்லாம் இல்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது கொய்யாவை மிக்சியில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். சாறா வரும்? களி வரும். தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே போகும், வடிகட்டியில் போட்டால் அப்படியே குத்துக்கல்லாட்டம் உட்காரும், கரண்டியால் தேய்த்தால் கரண்டியோடு வரும், துணியில் பிழிந்தால் உங்கள் மணிக்கட்டுதான் பிழியும். எனக்கோ சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை: ஆயக்குடிக் கொய்யாவின் அந்த வாசனை இருக்கிறதே, சந்தைக்கு வெளியே நூறடி தள்ளி நின்றாலும் மூக்கைப் பிடித்து இழுக்குமே, அந்த வாசனையை இளநீர் மாதிரித் தெளிவாக, ஒரு தம்ளரில், மடக் மடக்கென்று குடிக்க வேண்டும். நாற்பது வருஷத்து ஆசை. நான் வணிகவியல் படித்தவன், திண்டுக்கல்லில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எனக்கு எங்கே தெரியும், அதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது என்று?

பள்ளிக்கூட நண்பன் ஒருவன் பழச்சாறு ஆலையில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். போன தடவை ஊருக்கு வந்தபோது இருமல் மருந்து பாட்டில் அளவுக்கு ஒன்றைக் கையில் திணித்தான். உள்ளே டீ டிக்காஷன் நிறத்தில் ஒரு திரவம். "மாப்ள, இதுதான் பெக்டினேஸ். சாப்பாட்டுத் தரம்தான், பயப்படாத. ஒரு கிலோவுக்கு நாலஞ்சு சொட்டு போதும். கூழை இளஞ்சூடா வச்சுக்க. மிச்சத்தை அது பாத்துக்கும்." அவ்வளவுதான் சொன்னான். அது பாத்துக்குமாம்! வேலைக்காரனை அனுப்பி வைத்த மாதிரி.

முதல் தடவை நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சூடு நல்லது என்றால் கொதி இன்னும் நல்லதுதானே? என் மூளை அப்படித்தான் ஓடியது. கூழைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அதில் ஐந்து சொட்டு விட்டு, மூடி வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஐந்து சொட்டு. ஒன்றும் ஆகவில்லை. நண்பனுக்குப் போன் போட்டு, "உன் மருந்து வெத்து"ன்னு கத்தினேன். "கொதிக்கிற கூழ்லயா ஊத்துன? அடப்பாவி, கொன்னுட்டியேடா!" என்று அவன் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. பெக்டினேஸ் ஒரு நொதி, அதாவது புரதம். முட்டை வெள்ளைக்கரு வெந்துவிட்டால் மறுபடி பச்சையாகுமா? ஆகாது. இதுவும் அப்படித்தான், வெந்தால் உருக்குலைந்து போகும், அப்புறம் அதனால் ஒரு வேலையும் ஆகாது. பத்துச் சொட்டை நான் இப்படி அவித்துத் தீர்த்திருந்தேன்.

இரண்டாம் தடவை பயபக்தியோடு இறங்கினேன். பையனின் பள்ளிக்கூடச் சோதனைக்கு வாங்கிய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தேன். இரண்டு பாத்திரம். இரண்டிலும் ஒரே கூழ், ஒரே அளவு. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் ஒன்றும் இல்லை, சும்மா சாட்சிக்கு. இரண்டையும் அகலமான குண்டானில் வெந்நீர் ஊற்றி அதற்குள் இறக்கி, 45 முதல் 50 டிகிரிக்குள் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியைச் செங்குத்தாக நட்டேன். இரண்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றன. இப்போது நீங்களும் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷம், ஒன்றுமில்லை. இருபது நிமிஷம், ஒரு கரண்டி லேசாகச் சாய்ந்த மாதிரி இருக்கிறதா? என் கண்ணாக இருக்குமோ? அரை மணி ஆகவில்லை, மருந்து விட்ட பாத்திரத்துக் கரண்டி மெதுவாக, கல்யாண வீட்டில் தூங்கி வழிகிற மாமா மாதிரி, சாய்ந்து, சாய்ந்து, டங்கென்று விளிம்பில் விழுந்தது! நான் எழுந்து குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். மேல் ஷெல்பில் தலை இடித்தது. சாட்சிப் பாத்திரத்துக் கரண்டி மட்டும் அசையாமல் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. அந்த நிமிஷம் அதைக் கிள்ளிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்புறம் வாசனை! கூழ் இளக இளக உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வெளியே வருகிற மாதிரி அடுக்களை முழுக்கக் கொய்யா, கூடம் முழுக்கக் கொய்யா, என் சட்டையில் கொய்யா. இரண்டு மணி நேரம் கழித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன், பொறுக்க முடியாமல்.

ஆனால் அதோடு முடியவில்லை. வடிந்த சாறு முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பின்னால் டார்ச்சை வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் கலங்கல் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து நிற்கிறது! பால் திரிவதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த மாதிரி, ஆனால் அதைவிடச் சன்னமாக, தூசு தூசாக. அந்தத் தூசுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மெதுமெதுவாக அடியில் இறங்க, மேலே, ஐயோ, எப்படிச் சொல்வேன், மேலே தெளிந்த பொன்னிறத்தில் ஒரு விரற்கடை, அப்புறம் இரண்டு விரற்கடை, தம்ளருக்கு அந்தப் பக்கம் காலண்டரில் இருந்த தேதி தெரிந்தது! எங்கள் பாட்டி ஆற்றுத் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுக் காத்திருப்பாள். கலங்கல் அப்படியே அடியில் போய் உட்காரும். பானைக்குள் எட்டிப் பார்த்து நின்ற ஆறு வயதுப் பையன் அன்று ராத்திரி என் அடுக்களைக்குத் திரும்ப வந்துவிட்டான்.

அதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று இன்னொரு தடவை குதித்தேன். சாற்றில் மிதக்கிற துகள்கள் உள்ளுக்குள் புரதம், நேர் மின்னூட்டம். அவற்றைப் போர்த்தியிருக்கிற பெக்டின் எதிர் மின்னூட்டம். எல்லாத் துகளும் எதிர்ப் போர்வை போர்த்தியிருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு காலாகாலத்துக்கும் மிதக்கின்றன, சாறு கலங்கலாகவே இருக்கிறது. பெக்டினேஸ் வந்து போர்வையை அங்கங்கே கிழித்துவிடுகிறது. கிழிசல் வழியாக நேர் எட்டிப் பார்க்கிறது, பக்கத்துத் துகளின் எதிரைப் பார்க்கிறது, பச்சக். ஒட்டிக்கொள்கின்றன. கனம் கூடுகிறது. கீழே இறங்குகின்றன. கடையில் கண்ணாடி மாதிரி விற்கிற ஆப்பிள் சாற்றைப் பார்த்து 'என்னவோ கலப்படம்' என்று இத்தனை வருஷம் முகம் சுளித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 1930களிலிருந்தே பழச்சாறு ஆலைகள் இந்த வித்தையைச் செய்துகொண்டு வருகின்றனவாம். எனக்குத்தான் இவ்வளவு தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

சரி, இந்த பெக்டின் யார்? ஒரு செடியை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் சாந்து பூசியிருக்கிறதல்லவா, அந்தச் சாந்துதான் பெக்டின். செல்லின் சுவருக்குள்ளும் இருக்கிறது, இரண்டு செல்களை ஒட்டவைக்கிற நடு அடுக்கில் அதுதான் ராஜா. 1825இல் ஆன்ரி பிராகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்து, 'உறைந்தது' என்று பொருள்படுகிற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். ஜாம் உறைவதும் இதனால்தான், கொய்யா ஜெல்லி தட்டில் தளும்பாமல் நடுங்கி நிற்பதும் இதனால்தான். கேலக்டுரோனிக் அமிலம் என்ற ஒரு சர்க்கரைச் சொந்தக்காரன் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கோத்து நிற்கிற சரம் அது. நிலக்கோட்டை மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பல பூக்களின் தலையில் மெத்தில் என்று ஒரு குட்டித் தொப்பி.

பெக்டினேஸ் என்பது ஒரே ஆள் இல்லை, ஒரு பட்டாளம். மெத்தில் எஸ்டரேஸ் வந்து தொப்பியைக் கழற்றும். பாலிகேலக்டுரோனேஸ் வந்து ஒரு தண்ணீர் மூலக்கூறைச் செலவழித்துச் சரத்தை நறுக்கும். லையேஸ் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் தண்ணீர்கூட வேண்டாம், வேறு வழியில் நறுக்கிவிடுவான். நறுக்குவதிலும் இரண்டு ஜாதி. நுனியிலிருந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளிப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், நடுச் சரத்தில் பாய்ந்து வெட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். என் கரண்டியைச் சாய்த்தது இந்த இரண்டாம் ஜாதிதான்! யோசித்துப் பாருங்கள், நூறு முழச் சரம் சிக்கிக் கிடக்கிற கூடையில் நுனிப் பூவைக் கிள்ளினால் சிக்கல் தீருமா? நடுவில் நாலு இடத்தில் வெட்டினால் போதும், அத்தனையும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இந்தக் கத்தரிக்கோல்கள் பெக்டினை மட்டும்தான் தொடும் என்பதுதான் என்னைக் கிறங்கடித்த விஷயம். துணியில் மிஞ்சிய சக்கையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று கொய்யாவின் கல் செல்கள் அப்படியே இருக்கின்றன, விதை இருக்கிறது, தோலின் நார் இருக்கிறது. சாந்து மட்டும் போயிருக்கிறது. ஒரு நொதியும் அது வேலை செய்கிற பொருளும் பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்த வேண்டும் என்று 1894இலேயே எமில் ஃபிஷர் சொல்லிவிட்டாராம். எனக்கு அவர் மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய திண்டுக்கல்லில் பிறந்த ஒருவன் சொல்லியிருக்க வேண்டிய உவமையை ஒரு ஜெர்மன்காரர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாரே!

பாட்டிலில் இருக்கிற சரக்கை யார் தயாரிக்கிறார்கள் தெரியுமா? சிரிக்காதீர்கள். பூஞ்சை. வெங்காயத் தோலை உரிக்கும்போது விரலில் கருப்புப் பொடி ஒட்டுமே, அந்தக் குடும்பம். ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்று பெயர். அழுகுகிற பழத்துக்குள் நுழைய வேண்டுமானால் சாந்தைக் கரைத்தாக வேண்டும், அதற்காக அது காலங்காலமாகக் காய்ச்சி வைத்திருக்கிற திரவத்தைத்தான் பெரிய தொட்டிகளில் வளர்த்து வடிகட்டி வாங்கிக்கொள்கிறோம். இதைப் படித்த மறுநாள் காலையில் கூடையில் கருப்புப் பொடி படிந்த சின்ன வெங்காயத்தை ஒருவித மரியாதையோடு கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, உரிக்கிறதுன்னா உரிங்க, இல்லேன்னா வச்சுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

அன்று ராத்திரி ஷெல்பில் நான் தலையை இடித்துக்கொண்ட சத்தத்துக்கு அவள் எழுந்து வரவில்லை. ஒரு மணிக்குத்தான் வந்தாள், அதுவும் ஸ்பிரிட் வாசனைக்கு. மருந்துக்கடை ஸ்பிரிட்டை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் சாட்சிச் சாறு ஒரு கரண்டி, இன்னொன்றில் என் பொன்னிறச் சாறு ஒரு கரண்டி விட்டிருந்தேன். பெக்டின் மிச்சம் இருந்தால் சாராயத்தில் திரண்டுவிடும். சாட்சிக் கிண்ணத்தில் ஜவ்வு ஜவ்வாக, மூக்குச்சளி மாதிரித் திரண்டு நின்றது, முள்கரண்டியில் தூக்கினால் தொங்கியது! என் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. ஒரு இழைகூட இல்லை. "பாரு, பாரு, பெக்டினே இல்ல!" என்று நான் கூவ, அவள் ஒரு கிண்ணத்தைப் பார்த்தாள், இன்னொரு கிண்ணத்தைப் பார்த்தாள், ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தாள். "கொய்யாவ அப்படியே கடிச்சுத் தின்னா ஆகாதா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். கிண்ணங்களைக் கழுவிக் கொட்டியவன் நான். (அதைக் குடித்துவிடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.) ஆனால் காலையில் பிரிஜ்ஜிலிருந்து எடுத்த தெளிந்த சாற்றில் ஒரு தம்ளர் அவள் குடித்தாள். பேசவில்லை. இன்னொரு தம்ளர் கேட்டாள். ஆயக்குடிச் சந்தையே நாக்கில் நடந்து போன மாதிரி இருந்தது என்று நான் சொன்னதை அவள் மறுக்கவில்லை.

பித்து தலைக்கேறிவிட்டது. பார்க்கிற இடமெல்லாம் பெக்டின். சாத்துக்குடிச் சாறு பிரிஜ்ஜில் கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீரும் கீழே வண்டலுமாகப் பிரிகிறதே, அது பழத்தின் சொந்த மெத்தில் எஸ்டரேஸ் செய்கிற வேலை. தொப்பியைக் கழற்றிவிட்டால் பெக்டின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு திரண்டு இறங்கிவிடும். பெட்டியில் அடைத்து விற்கிற ஆரஞ்சுச் சாற்றை 90 டிகிரி வரை சூடேற்றுவதே கிருமிக்காக மட்டும் இல்லையாம், இந்த ஆளை அடக்குவதற்கும்தானாம். புளி விட்டுட்டா காய் வேகாது என்று அம்மா சொல்வாளே? புளிப்பில் பெக்டின் சீக்கிரம் உடையாது, அதுதான். உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பதும் அதே கதை, தண்ணீரிலுள்ள கால்சியம் சாந்தை இறுக்கிவிடுகிறது. அம்மாவுக்குப் போன் போட்டு, "நீ சொன்னதெல்லாம் சரிதாம்மா" என்று விளக்க ஆரம்பித்தேன். "இதுக்கா காலங்காத்தால கூப்பிட்ட?" என்றாள்.

டிசம்பரில் தாண்டிக்குடிக்குப் போனேன். வத்தலக்குண்டைத் தாண்டி, பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறினால் இரண்டு பக்கமும் காப்பிச் செடி, சவுக்கும் ஆரஞ்சும் மிளகுக் கொடியும் நடுநடுவே, பனி. நண்பனுக்குத் தெரிந்த தோட்டம். போனது காப்பி குடிக்க இல்லை, காப்பித் தொட்டியில் கை விட. செடியிலிருந்து பறித்த சிவப்புப் பழத்தைப் பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்துவிட்டால் உள்ளே இரண்டு கொட்டை. அவற்றின் மேல் வழுவழுவென்று ஒரு படலம், வெண்டைக்காயைக் கூழாக்கிப் பூசின மாதிரி. எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. தெரிந்திருக்குமே, அது பெக்டின்! அந்தக் கொட்டைகளைத் தொட்டியில் குவித்து மூடிவிடுகிறார்கள். மருந்து கிடையாது, ஒரு சொட்டுக்கூட யாரும் எதையும் விடுவதில்லை. பழத்தோலிலும் காற்றிலும் கூடவே வருகிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தாங்களே பெக்டினேஸ் காய்ச்சி அந்தப் படலத்தைத் தின்கின்றன. அரபிகாவுக்கு ஒரு நாள், குளிர் கூடினால் ஒன்றரை நாள்.

சாயங்காலம் நான் கை விட்டபோது விரல்களுக்கு நடுவே கொட்டைகள் விலாங்கு மீன் மாதிரி நழுவின. தொட்டியிலிருந்து ஒரு புளித்த வாசனை, நீராகாரமும் கனிந்த பலாவும் கலந்த மாதிரி, இதமான சூடு வேறு. தொட்டிக்குப் பொறுப்பாக ஒரு அக்கா இருந்தார். "எப்பக்கா கழுவுவீங்க?" என்றேன். "அது சொல்லும் சார்" என்றார். ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை எனக்கு. அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரம் அந்த அக்கா கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து மூடித் தேய்த்தார். "இந்தாங்க, கேளுங்க" என்று என் காதுப் பக்கம் நீட்டினார். பார்க்க இல்லை, கேட்க! நற, நற, நற. ஆற்றுக் கூழாங்கல்லைக் கையில் உருட்டுகிற சத்தம்! நேற்று விலாங்காக வழுக்கினது இன்று கூழாங்கல்லாகச் சத்தம் போடுகிறது, நடுவில் ஒரு ராத்திரி, ஒரு பகல், கண்ணுக்குத் தெரியாத கோடிக் கத்தரிக்கோல். நானும் அள்ளினேன், தேய்த்தேன், மறுபடி அள்ளினேன், இரண்டு கையிலும் தேய்த்தேன், சட்டைக் கை நனைந்ததும் தெரியவில்லை. "சாருக்குப் பிடிச்சுப் போச்சு" என்று அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நேரம் தப்பினால் ஊசிப்போன வாடை ஏறிக் காப்பியே கெட்டுவிடுமாம், அதனால் உடனே கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் வாங்குகிற நொதியைத் தெளித்தால் ஒரு நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும் என்று நண்பன் சொன்னான். இருக்கட்டும். எனக்கு அந்த 'நற நற'வுக்காக ஒரு நாள் காத்திருப்பதில் ஆட்சேபணை இல்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட ஒன்றை இன்னும் சொல்லவில்லை. என் சொந்த அக்கா மகள் தாவரவியல் முதுகலை படிக்கிறாள். என் புலம்பல் தாங்காமல், "மாமா, ஒரு நாள் லேபுக்கு வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்றாள். போனேன். ஒரு புகையிலை இலை. அடித்தோலைச் சன்னமாக உரித்துவிட்டு, வட்டத் தட்டில் இருந்த திரவத்தில் மிதக்க விட்டிருந்தாள். திரவத்தில் இரண்டு நொதி: சாந்தைக் கரைக்க பெக்டினேஸ், செங்கல்லின் சுவரையே கரைக்க செல்லுலேஸ். கூடவே மானிட்டால் என்று ஒரு சர்க்கரைச் சாராயம், சுவர் போன பிறகு செல் தண்ணீர் குடித்து வெடித்துவிடாமல் இருக்க. அந்த நொதிகளைச் செய்கிற ஜப்பான் குழுமத்தின் பெயர் யாகுல்ட். ஆமாம், அதே குட்டி பாட்டில் யாகுல்ட்தான்! சில மணி நேரம் கழித்துத் தட்டை லேசாக ஆட்டினாள். இலை இல்லை. பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, "பாருங்க மாமா" என்றாள்.

நினைத்துப் பாருங்கள், ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், குனியுங்கள், முதலில் ஒரே மங்கல், குமிழைத் திருகுகிறாள், மங்கல் விலகுகிறது, விலகினால் உள்ளே பச்சைக் கோலிக்குண்டுகள்! ஒன்று இரண்டு இல்லை, பார்வை எட்டுகிற வரை கோலிக்குண்டுகள், ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி உருண்டை, ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சையம் முத்து முத்தாக ஒதுங்கி நிற்க, நடுவில் கண்ணாடி மாதிரி வெளிச்சம், அவை மெதுவாக மிதக்கின்றன, ஒன்றை ஒன்று இடிக்கின்றன, விலகுகின்றன. காலையில் அது ஒரு இலை, ஐயா, கையில் பிடித்தால் விறைப்பாக நின்ற ஒரு இலை, இப்போது ஒவ்வொரு செல்லும் தனித்தனி ஆள், சட்டை துணி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்த பையன்கள் மாதிரி மிதக்கிறது. ஒரு ஓரத்தில் இன்னும் சுவர் முழுசாகக் கரையாத ஒன்று நீளமாக, செங்கல் மாதிரியே கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அதன் மூலைகள் மழுங்கி மழுங்கி, நீளம் குறுகி, என் கண் முன்னாலேயே உருண்டையாக மாறியது! "மாறுது! மாறுது!" என்று நான் கத்தினதில் பக்கத்து மேஜைப் பெண் பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். என் கண் நிறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன், நுண்ணோக்கிக் கண்ணாடியில் ஈரம் படிந்து அவள் துடைக்க வேண்டியதாகிவிட்டது. இதற்கு மேல் ஒன்று சொன்னாள்: இந்த அம்மணக் கோலிக்குண்டு ஒன்றிலிருந்து முழுப் புகையிலைச் செடியை 1971இலேயே வளர்த்துவிட்டார்களாம். ஒற்றைச் செல் மறுபடி சுவர் கட்டி, பிரிந்து பிரிந்து, வேர் விட்டு, இலை விட்டு! நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

குறையே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். மெத்தில் தொப்பி கழலும்போது துளியூண்டு மெத்தனால் பிறக்கும். சாற்றில் அது பொருட்டே இல்லை, பழத்தில் சாராயம் காய்ச்சி வடிக்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கோணிப்பையில் உருளைக்கிழங்கு கொழகொழத்து நாறுகிறதே, அதுவும் பெக்டோபாக்டீரியம் என்ற ஆளின் பெக்டினேஸ்தான். கனிகிற பழத்துக்குள்ளேயே இந்த நொதி இருக்கிறது என்று தெரிந்து, அதை அடக்கிவைத்தால் தக்காளி கெடாமல் இருக்கும் என்று 1994இல் அமெரிக்காவில் ஃப்ளேவர் சேவர் என்று ஒரு மரபணு மாற்றுத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சில வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். அந்தத் தக்காளியின் கஷ்டத்தில் வியாபாரக் கணக்குகளும் உண்டு, ஆனால் நான் அதை இந்த நொதியின் வெற்றியாகத்தான் பார்க்கிறேன். நியாயமில்லைதான். ரசிகனிடம் நியாயம் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த தடவை கொய்யா மலிவாகக் கிடைக்கும்போது ஒரு கிலோ வாங்குங்கள், கன்னிப்போகாத, நன்றாகக் கனிந்த பழமாக. வீட்டில் ஒயின் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைகளில் பெக்டினேஸ் கிடைக்கும், உணவுத் தரம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். இரண்டு பாத்திரம் வையுங்கள், இரண்டிலும் கரண்டியை நட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். மேலே ஷெல்ப் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். 50 டிகிரியைத் தாண்ட விட்டுவிடாதீர்கள்.